பால்சுறா அண்ணை

நாகமுத்து அண்ணை போய்விட்டார் என்று எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. என் மகள் சுமதி அழுததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். காலையில் விறாந்தையில் தேத்தண்ணியோடு இருந்தேன். உள்ளே தொலைபேசி அடித்தது. "ஐயோ, எப்ப?" என்றாள். பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு விக்கி விக்கி அழுதாள். ஆர் என்று கேட்டேன். பெயர் அவள் வாயில் வரவில்லை. "மீன் மாமா" என்றாள். அப்போது எனக்குள் முதலில் வந்தது கவலை அல்ல. நான் போனால் இவள் இப்படி அழுவாளா என்ற கேள்விதான் வந்தது. ஏனென்றால் நானும் மீன் விற்றவன்தான்.

செத்தவீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தனை பெண்கள் வந்திருந்தார்கள் என்று. வட்டுக்கோட்டையில் இருந்து, சுற்றியுள்ள தோட்டக் கிராமங்களில் இருந்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒரு பெண் மீசை அரும்பிய தன் மகனை முன்னால் தள்ளி, "கும்பிடு. நீ பால் குடிச்சு வளந்தது இவர் தந்த சுறாவாலதான்" என்றாள். அவன் ஒன்றும் விளங்காமல் கும்பிட்டான். அந்தச் சுறாவும் என் பெட்டியில் இருந்த சுறாவும் ஒரே வள்ளத்தில் வந்தவை என்று சொல்ல எனக்கு நாக்குத் துடித்தது. செத்தவீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் அவர் நினைவாகக் கொடுக்கிற புத்தகத்துக்கு நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று அண்ணையின் மகள் வதனி வந்து நின்றாள்.

"நீங்கள் சொல்லுங்கோ சித்தப்பா, நான் எழுதிறன்."

"நல்லது மட்டும்தான் சொல்ல வேணுமோ?"

"உள்ளதைச் சொல்லுங்கோ. நல்லது சொல்லக் கனபேர் இருக்கினம்."

ஆகவே உள்ளதைச் சொல்கிறேன். பேச்சை எழுத்தாக்கியது வதனி. பொறாமை என்னுடையது.

எங்கள் இருவருக்கும் ஒரே கரை, காங்கேசன்துறைக்குப் பக்கத்தில். அவர் என்னிலும் சில வயது மூத்தவர். விடிய வள்ளங்கள் வந்ததும் ஒரே குவியலில் இருந்துதான் இருவரும் மீன் எடுப்போம். சைக்கிளின் பின்னால் பெட்டி, பெட்டிக்கு மேல் நனைத்த சாக்கு. வெயில் ஏறுமுன் தெற்கே தோட்டக் கிராமங்களுக்குள் இறங்கிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டும் என்றால் பால்சுறா கொடுப்பார்கள். சின்னச் சுறா. அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, மிளகும் உள்ளியும் இடித்துப் போட்டு வறையாக்குவார்கள். அந்தச் சுறா என் பெட்டியிலும் இருக்கும், அவர் பெட்டியிலும் இருக்கும். ஆனால் ஊர் அவரைத்தான் பால்சுறா அண்ணை என்றது. என்னை மீன்காரன் என்றது.

ஒரு நாள் ஒரு வீட்டுப் படலையில் நின்று கூப்பிட்டேன். உள்ளே பிள்ளை பிறந்திருப்பது எனக்கும் தெரியும்.

"அக்கா, பால்சுறா இருக்கு. துடிக்கத் துடிக்க."

"வேண்டாம் தம்பி. நாகமுத்து அண்ணை வருவார்."

"அவரின்ரை சுறாவும் என்ரை சுறாவும் ஒரு வயித்துப் பிள்ளையள் அக்கா!"

"இருக்கட்டும். அவர் தந்தாத்தான் சுரக்கும். நீர் கத்திக் கத்திப் பிள்ளையை எழுப்பாமல் போம்."

போனேன். போகும் வழியில் அவர் எதிரே வந்தார், நின்று பார்த்தேன். அந்த வீட்டுக்கு இரண்டு வேலிக்கு அப்பாலேயே சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். மணியும் இல்லை, குரலும் இல்லை. படலையடியில் பேசாமல் நின்றார். நின்றபடி வளவுக்குள் கொடியைப் பார்த்தார். கொடியில் பிள்ளைக்குக் கட்டிய பழஞ்சேலைத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. துணி நிறையக் காய்ந்தால் பிள்ளை நன்றாக நனைக்கிறது, நனைத்தால் நன்றாகக் குடிக்கிறது. இதுதான் அவருடைய கணக்கு. எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாக இருந்தது. மீன் விற்க வந்தவன் மீனை விற்றுவிட்டுப் போகவேண்டியதுதானே, கொடியில் என்ன பார்வை என்று நினைத்தேன். அடுத்த நாள் நானும் ஒரு வீட்டுக் கொடியைப் பார்த்தேன். அந்த வீட்டுக்காரன் என்னடா பார்க்கிறாய் என்று தடியோடு வந்தான்.

இதை எழுதும்போது வதனி சிரிக்கிறாள். சிரி பிள்ளை. உன் அப்பாவைப் பார்த்து ஒருவரும் தடி தூக்கவில்லை.

ஊர்ப் பெண்கள் சொன்னதையாவது பொறுத்துக்கொண்டேன். என் மனைவி பூமணி சொன்னதுதான் பொறுக்கவில்லை. சுமதி பிறந்த மூன்றாம் நாள் பால் போதவில்லை. நான் குவியலிலேயே முழுப்பான சுறாவாகப் பார்த்து எடுத்து வந்து நீட்டினேன். அவள் சுறாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நாகமுத்து அண்ணை தாறது நல்லாச் சுரக்குமாம். எல்லாரும் சொல்லினம்."

"நானும் அதைத்தானேடி விக்கிறன்!"

"நீங்கள் விக்கிறியள். அவர் தாறார்."

என்ன வித்தியாசம் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த நாள் கரையில் அண்ணையிடம் கேட்டேன். ஒரு மீன்காரன் இன்னொரு மீன்காரனிடம் போய், என் வீட்டுக்கு மீன் தா என்று கேட்பதைப் பாருங்கள். அவர் என் கண் முன்னாலேயே, நான் முதல்நாள் எடுத்த அதே குவியலில் இருந்து ஒரு சுறாவை எடுத்துத் தந்தார். என்னுடையதிலும் அது சின்னது. "வடிவா அவிச்சுக் குடு தம்பி. பூமணியை நித்திரை கொள்ள விடு. பிள்ளை அழுதா நீ தூக்கு" என்றார். பூமணிக்குப் பால் வந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உலாவியது நான். பெயர் அவருக்கு.

நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறினால் எங்கள் தொழில் படுத்துவிடும். தோட்டக் கிராமங்களில் அந்த நாட்கள் முழுவதும் மீன் மச்சம் காய்ச்ச மாட்டார்கள். நாங்கள் கிழிந்த வலை பொத்துவோம், கோயிலுக்குப் போவோம், சும்மா இருப்போம். அண்ணை மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படுவார். ஒரு முறை அவர் பெட்டியை எட்டிப் பார்த்தேன். முருங்கையிலையும் உள்ளியும் நிறைந்திருந்தன. கரையில் எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்:

"என்ன அண்ணை, கடலில இப்ப முருங்கையிலையோ படுது?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "விரதம் முருகனுக்குத் தம்பி. பாலுக்கு ஏது விரதம்?" என்றார். மீன் நுழைய முடியாத வீட்டுக்குள்ளும் அந்த மனிதர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். விரதம் முடிந்து நான் பெட்டியோடு போனால், அந்த வீடுகள் ஏற்கெனவே அவருடையவையாகி இருந்தன.

பிறகு சண்டை வந்து எங்களுக்குக் கரை இல்லாமல் போனது. இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்கள் ஒன்றாக இருந்தோம். எங்கள் மண்டபத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். அவளுக்குக் கடும் காய்ச்சல் வந்து, வைத்தியர் பலமான மருந்து கொடுத்து, மருந்து முடியும்வரை பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மண்டபத்துப் பெண்கள் விடவில்லை. தாய்ப்பாலை மறிக்கிறவள் ஒரு தாயா என்று ஒருத்தி, எங்கள் காலத்தில் காய்ச்சலோடு கொடுக்கவில்லையா என்று இன்னொருத்தி. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. நான் அண்ணையைத்தான் பார்த்தேன். சுறாவால் பெயர் எடுத்தவர் என்ன சொல்லப்போகிறார் பார்ப்போம் என்று எனக்கு ஒரு ஆவல். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். எங்கெல்லாம் அலைந்தாரோ, வெயில் சாயும்போது ஒரு பால்மாப் பெட்டியோடு வந்தார். கொதித்தாறிய தண்ணீரில் அதைக் கரைக்கச் சொல்லி, அந்தப் பெண்ணின் தலைமாட்டில் வைத்தார்.

"என்ன அண்ணை, நீங்களோ மாப்பால் குடுக்கச் சொல்லுறியள்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பிள்ளைக்குப் பசி. பிள்ளைக்கு என்ரை சுறாவைத் தெரியுமோ?" என்றார்.

தன்னுடைய பெயரைத் தானே தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதனாலும் ஒரு பெயர் எடுத்துக்கொண்டார். இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிப் போட்டி போடுவது?

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமானது.

நாங்கள் திரும்பிக் கரைக்கு வந்த பிறகு நடந்தது. சுமதிக்குக் கலியாணமாகிக் கனகாலம் பிள்ளை இல்லை. கடைசியில் வயிற்றை வெட்டித்தான் எடுத்தார்கள். ஆண்பிள்ளை. அப்போது பூமணி இல்லை. தாய் இல்லாத வீட்டில் தாய் செய்ய வேண்டியதை நான் செய்துவிட வேண்டும், என் பிள்ளை ஒரு குறையும் அறியக் கூடாது என்பதுதான் என் எண்ணம். நானும் தொழிலை விட்டிருந்தேன், என்றாலும் விடியவே கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கிவந்தேன். நானே அவித்தேன், உரித்தேன், உதிர்த்தேன். மருமகனின் தாய் வடமராட்சி நெல்லியடியில் இருந்து உதவிக்கு வந்து நின்றா. நல்ல மனுசி, ஆனால் பயந்த சுபாவம். பிள்ளை வாய் திறந்தால் போதும், மாப்பால் போத்திலைக் கழுவத் தொடங்கிவிடுவா.

"பிள்ளைக்குப் பசி தீரேல்லை சம்பந்தி. இவளிட்டைப் பால் இல்லை. பாருங்கோ, பச்சைமண் எப்பிடித் துடிக்குது!"

மருத்துவமாது வந்து பிள்ளையை நிறுத்துப் பார்த்தா. நிறை சரியாகத்தான் இருக்கிறது, பயப்பட ஒன்றும் இல்லை, பிள்ளையை அடிக்கடி நெஞ்சில் போடுங்கள், குடிக்கக் குடிக்கத்தான் பால் வரும், நிறை குறைந்தால் மாப்பாலுக்கு நானே சொல்வேன் என்று சொன்னா. மருத்துவமாதின் சைக்கிள் ஒழுங்கையைத் தாண்டுமுன் சம்பந்தியம்மா மாப்பால் கரைக்கக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டா. சுமதிக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. நான் இன்னொரு கோப்பை வறையோடு போனேன். அவள் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அப்பா, நாகமுத்து மாமாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஏன், என்ரை சுறாவில என்ன குறை?"

"சுறாவில ஒரு குறையும் இல்லை. நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வாங்கோ."

தாயும் இப்படித்தான் சொன்னாள், மகளும் இப்படித்தான் சொல்கிறாள். கோப்பையை முற்றத்தில் வீசலாம் போல இருந்தது. வீசவில்லை. சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அண்ணைக்கு அப்போது முழங்கால் வருத்தம். என் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்தவர் சுமதி இருந்த அறைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே குசினி வாசலுக்குப் போய், என் சட்டியைத் திறந்து ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தார்.

"குலம், உதென்னடா சுறா வறை? உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை."

"பிள்ளைப்பெத்தவளுக்கு உறைப்போ போடுறது?"

"மிளகு போடலாம்தானே. அம்மா, நீங்கள் சொல்லுங்கோ, வடமராட்சிப் பக்கம் இதுக்குத் தேங்காய்ப்பூப் போடுறவையோ?"

சம்பந்தியம்மா போத்திலைக் கையில் வைத்தபடியே நிமிர்ந்தா. "பின்னை? தேங்காய்ப்பூ இல்லாமல் வறையோ?"

"எங்கடை பக்கம் போடுறேல்லை. போட்டா சுறாவின்ரை குணம் போயிடும்."

"ஆர் சொன்னது உங்களுக்கு? நாங்கள் எல்லாம் தேங்காய்ப்பூப் போட்ட வறை திண்டுதான் பிள்ளை வளத்தனாங்கள்!"

"எனக்கெண்டா நம்பிக்கை இல்லை அம்மா."

அவ்வளவுதான். போத்தில் மேசைக்குப் போனது. சம்பந்தியம்மா தேங்காய் உடைத்தா. இருவரும் சுறாவை எப்படி அவிப்பது, தோலை எப்போது உரிப்பது, உள்ளியைத் தட்டுவதா அரிவதா என்று சண்டை. எனக்குத் தலை கொதித்தது. உள்ளே பிள்ளை அழுகிறது, இந்த மனிதர் கறிக்கு வழக்காடுகிறார். அவர் தோளைப் பிடித்து விறாந்தைக்கு இழுத்துவந்தேன்.

"அண்ணை, நான் உங்களைக் கறி காய்ச்சவோ கூட்டிக்கொண்டு வந்தனான்?"

"இரு."

"பிள்ளை அழுகுது!"

"தாய் உள்ளைதானே இருக்கிறாள். இரு எண்டுறன்."

இரண்டு கதிரையில் இருந்தோம். குசினியில் சம்பந்தியம்மா எங்கள் கரையைத் திட்டிக்கொண்டே துருவிக்கொண்டிருந்தா. கொஞ்ச நேரம் போக, உள்ளே பிள்ளையின் சத்தம் நின்றது. நான் எழும்பப் போனேன். அண்ணை என் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினார். பிறகும் அழுதது, பிறகும் நின்றது. பின்னேரம் முழுவதும் அப்படியே போனது. தேங்காய்ப்பூப் போட்ட வறை வந்ததும் அவர் ஒரு வாய் சாப்பிட்டு, "அம்மா, நான் தோத்துப்போனன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். சம்பந்தியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தான் காய்ச்சிய வறையைத் தானே சுமதிக்குக் கொண்டுபோய் வாயில் தீத்திவிட்டா. தன் வறை வேலை செய்யுமட்டும் போத்தில் எதற்கு என்று அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததும் அவதான்.

அடுத்தடுத்த நாட்களில் பால் நன்றாக வந்தது. ஆனால் அன்று அவரைச் சைக்கிளில் வீட்டுக்கு ஏற்றிப் போகும்போதே அண்ணை எனக்குச் சொல்லிவிட்டார்:

"மருத்துவமாது சொன்னதுதான் தம்பி சரி. பிள்ளை குடிக்கத்தான் பால் வரும். சுறா தாய்க்கு இல்லை. சுறா மாமிக்கு. சட்டி அடுப்பில ஏறினா மாமியார் ஒரு நாள் பொறுப்பினம். தாய்க்கு அந்த ஒரு நாள் வேணும்."

"இவ்வளவு காலமும் இதைத் தெரிஞ்சுகொண்டோ வித்தனீங்கள்?"

"ருசியான மீன்தானே. ஆருக்கும் கெடுதல் இல்லையே."

ஆயுள் முழுக்க நான் ஒரு மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். அவர் விற்றது அது இல்லை.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஊரெல்லாம் போய், குலத்தின் சுறாவால்தான் சுமதிக்குப் பால் வந்தது, இந்தக் கரையில் மீன் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று சொல்லித் திரிந்தார். பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். "குலம் அண்ணை, மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு, சுறா பார்த்து எடுத்துத் தாருங்கோ" என்றார்கள். வாழ்க்கை முழுக்க நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. அது அவர் எடுத்துக் கொடுத்த வார்த்தையாக வந்து சேர்ந்தது. எனக்கு இனித்ததா என்றால் இல்லை. தருகிற கை மேலே இருந்தது, வாங்கிய கை என்னுடையது.

இதைச் சொல்லி முடிக்கும் நேரத்தில் சுமதி தேத்தண்ணி கொண்டு வந்தாள். இத்தனை வருடமும் கேட்காததைக் கேட்டுவிட்டேன். வதனிக்கு முன்னால்தான் கேட்டேன்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லு. உனக்குப் பால் வந்தது என்ரை சுறாவாலயோ, அவராலயோ?"

அவள் என்னையும் வதனியையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுது சிவந்த கண்ணோடு சிரித்தாள்.

"என்னப்பா கேள்வி? பிள்ளை குடிச்சவன், நான் குடுத்தனான். வெட்டின வயிறு நோக நோக இருந்து குடுத்தனான். நீங்கள் ரெண்டு பேரும் வெளியில கதிரையிலதானே இருந்தனீங்கள்!"

வதனி எழுதுகோலை வைத்துவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மைதானே. ஒரு தாயும் பிள்ளையும் தங்கள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு கிழவர்கள் அந்த வாசலை மறித்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். அவர் தெரிந்து சும்மா இருந்தார், நான் தெரியாமல் சும்மா இருந்தேன்.

மீனில் அவர் பெரியவர். பேச்சில் பெரியவர். செத்தவீட்டுக்கு வந்த சனத்திலும் பெரியவர். ஆனால் அந்தப் பின்னேரம் விறாந்தையில் சும்மா இருந்ததில் அவருக்குப் பாதி, எனக்குப் பாதி. நாகமுத்து அண்ணையிடம் இருந்து நான் வைத்துக்கொள்வது அந்தப் பாதியைத்தான். அவருடைய பாதியை வதனி எடுத்துக்கொள்ளட்டும். என்னுடையதை ஒருவருக்கும் தரமாட்டேன்.